பழைய போட் பெயின்ற்றும் பிள்ளையின் தைமஸ் சுரப்பியும்

கேள்வி: வாழைச்சேனையில் என் கணவர் போட் அடிப் பெயின்ற் சுரண்டும் வேலை செய்கிறார். அதிலுள்ள வெள்ளீயம் நோயெதிர்ப்பைக் கெடுக்கும் என்கிறார்களே. மீன் ரின்னிலும் அதுதானே இருக்கிறது? வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை.

பதில்: மீன் ரின்னில் பூசியிருப்பது வெறும் உலோகம், குடல் அதை உறிஞ்சுவது மிகக் குறைவு. நஞ்சு, காபனோடு பிணைந்த வெள்ளீயம். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் படகுகளுக்குப் பூசிய ட்ரைபியூட்டைல்ரின் அந்த வகை. அதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய போட்டின் அடிப்பூச்சுகளில்தான் சந்தேகம். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நோயெதிர்ப்பில் இது தாக்குவது தைமஸ் சுரப்பியை. அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான ரி கலங்கள் முதிர்வது அங்கேதான். உள்ளே போன ட்ரைபியூட்டைல்ரின்னின் பியூட்டைல் என்ற காபன் பகுதிகளில் ஒன்றை ஈரல் கழற்றிவிட, அது டைபியூட்டைல்ரின் ஆகிறது. தைமஸின் வெளிப்பகுதியில் வேகமாகப் பெருகும் இளம் கலங்கள் அதனால் பெருகாமல் நின்றுவிடும். புதுக் கலங்கள் வராததால் சுரப்பி சுருங்கும். எலிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டது. கொடுப்பதை நிறுத்தியதும் சுரப்பி மீண்டது. சாதாரண இரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் தைமஸ் நலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதரில் தைமஸ் சிறுவயதில்தான் மும்முரமாக வேலை செய்யும், பருவ வயதுக்குப் பின் தானே சுருங்கும். அதனால் கணவரைவிடப் பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு யோசனை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை இந்த வகை வெள்ளீயத்துக்கு 2004இல் வைத்த நாளாந்த எல்லை, உடல் எடை கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராம். 14 கிலோப் பிள்ளைக்கு 3.5 மைக்ரோகிராம். பெயின்ற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அது இருந்தால், 0.35 மில்லிகிராம் தூசு அந்த எல்லையைத் தொட்டுவிடும். சேட்டுக் கையில் ஒட்டிவருவதே அதைவிடக் கூட.

பழைய பூச்சு உரியாமல் இறுக்கமாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். மேலே தடுப்புப் பூச்சு அடித்து, வெள்ளீயம் இல்லாத பெயின்ற் போடலாம். சுரண்டத்தான் வேண்டுமென்றால் நனைத்து நனைத்துச் சுரண்டட்டும். கிரைண்டர் தூசு கிளப்பும், காஸ் சுவாலை ஆவி கிளப்பும், இரண்டும் கூடாது. துணி மாஸ்க் பயன்படாது, என்95 ஆவது வேண்டும். நைட்ரைல் கையுறையும் போடட்டும். தோலில் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். எரிவும் சிவப்பும் சில மணிநேரம் கழித்துத்தான் தெரியும்.

அடியில் பொலித்தீன் விரித்துச் செதில்களை அள்ளுங்கள். களப்புச் சேற்றில் விழுந்தால் வருடக்கணக்கில் கிடந்து மட்டிக்குள் ஏறும். கணவர் வேலையிடத்திலேயே குளித்து உடுப்பு மாற்றட்டும். அந்த உடுப்பை உதறாமல், பிள்ளையின் உடுப்போடு சேர்க்காமல், தனி வாளியில் ஊறவையுங்கள்.