புது பிறேக் பாட் உள்ளே இறங்கவில்லையா?

தம்பி, முன்சில்லைக் கழற்றிவிட்டீர்கள், புதுப் பாட் கலிப்பருக்குள் (பாட்டைப் பிடித்து அழுத்தும் பகுதி) இறங்கவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் பாட் பிழையாக இராது. பழையது தேயத் தேய, பாட்டைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்திருக்கும், அவ்வளவுதான். பிறேக் ஒயில் மூடியைத் திறந்துவிட்டு, பழைய பாட்டைப் பிஸ்டன்மேல் வைத்து கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். ஒயில் மேலே ஏறும். வழிந்து பெயின்ரில் பட்டால் உரித்துவிடும், கவனம். கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். நம்ம கிரவல் ஒழுங்கைத் தூசிக்கு, கலிப்பர் நகரும் ஸ்லைட் பின்னும் இறுகியிருக்கும், துடைத்து பிறேக் கிறீஸ் பூசுங்கள்.

ஜக்கை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் கிளிநொச்சி மணல் முற்றத்தில்! அடியில் பலகை, பக்கத்தில் காரைத் தாங்கும் ஸ்டாண்ட் கட்டாயம்.

அப்புறம், காரை நகர்த்த முன் பெடலை இறுகும்வரை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். ஏ9 வீதிக்கு ஏறுவதெல்லாம் ஒழுங்கைக்குள் பிறேக் பிடித்து நிறுத்திப் பார்த்த பிறகுதான்.