கிரானோன் மலையில் பொகாச்சார் தோற்றதை ரசிகர்கள் ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

கேள்வி 2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 11ஆம் கட்டத்தைப் பற்றியது. அன்று காலை டாடேய் பொகாச்சார், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில், போட்டியாளர் யோனாஸ் விங்கெகோரை விட 39 வினாடி முன்னால் இருந்தார். முந்தைய இரண்டு வருடமும் பட்டம் அவருக்குத்தான். அவர் தளர்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த அதிர்ச்சி.

ஆனால் தோல்வி கிரானோனில் தொடங்கவில்லை. அதற்கு முன் கலிபியே ஏற்றத்தில் விங்கெகோரும் அவருடைய அணித்தோழர் ப்ரிமோஷ் ரோக்லிச்சும் மாறி மாறித் தாக்கினார்கள், அதாவது திடீரென வேகமெடுத்து முன்னால் பாய்ந்தார்கள். பொகாச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே பாய்ந்து பதில் சொன்னார். அப்படிப் பாயும்போதெல்லாம் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை வேகமாகக் கரையும். ஓட்டிக்கொண்டே சாப்பிட்டு அதை முழுதாக ஈடுகட்ட முடியாது.

அப்புறம் கிரானோன். 11 கிலோமீட்டருக்கு மேல், சராசரியாக 9 சதவீதச் சரிவு, உச்சி 2,413 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் குறைவு. சமவெளியில் களைத்தவர் காற்றுக்கு மறைவாக மற்றவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். இவ்வளவு செங்குத்தில், குறைந்த வேகத்தில், அந்த மறைப்பு பெரிதாக உதவாது. கடைசி ஐந்து கிலோமீட்டருக்குள் விங்கெகோர் கிளம்பினார். ஜெர்சியின் ஜிப்பைத் திறந்துவிட்டு, பின்தொடர முடியாமல் பொகாச்சார் மிதித்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விங்கெகோரிடம் 2 நிமிடம் 51 வினாடி இழந்தார்.

விங்கெகோர் ரசிகர்கள் துள்ளினார்கள், சரி. பொகாச்சார் ரசிகர்களுக்கும் அவர்மேல் பாசம் கூடியது என்றே நினைக்கிறேன். மறுநாளே ஆல்ப் துவெஸ் மலை ஏற்றத்தில் அவர் மறுபடி தாக்கினாரே!