விண்டோஸ் 10 முடிந்தது, அடுத்து எது?

ஐ5 ஏழாம் தலைமுறை லேப்டாப், 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் நின்றது விண்டோஸ் 10-இன் வழக்கமான அப்டேட்தான், மெஷின் அல்ல. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு விண்டோஸ் 11 நிறுவும் பென்டிரைவைத் தயாரித்தால் இந்தத் தடையைத் தாண்டலாம். ஆனால் வருடாந்தரப் பெரிய அப்டேட் தானாக வராது. ஒவ்வொரு முறையும் நீங்களே பென்டிரைவ் போட்டு ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டுக் கணினிக்கு அந்தப் பாடு எதற்கு?

இப்போதைக்கு, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்கான ‘என்ரோல் நவ்’ அழுத்துங்கள். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ் போடலாம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவிலிருந்தே லைவாக (நிறுவாமலேயே) ஓட்டி வைஃபை, சவுண்ட் இரண்டையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் எழுந்து வருகிறதா என்றும் பாருங்கள். பலர் இதைச் சோதிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு திட்டுகிறார்கள். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். எந்த ஓஎஸ் போட்டாலும் அந்த வித்தியாசம்தான் பெரிது.

விண்டோஸோடு மின்ட்டையும் போட்டேன். விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மின்ட்டில் டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை.

இரண்டும் தனித்தனிக் கோளாறு. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நம் ஊருக்கு அந்த இடைவெளி சரியாக 5.30 மணி. மின்ட் டெர்மினலில் ‘timedatectl set-local-rtc 1’ என்று கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

டி டிரைவ் விஷயத்தில் குற்றவாளி விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் வசதி. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் பாழாகலாம் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் டிக்கை எடுத்துவிட்டு, ஒருமுறை ஷட்டவுன் செய்யுங்கள்.

இனி டூயல் பூட் (ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ்) போடப் போகிறவர்களுக்கு ஒன்று: டிஸ்க் பார்ட்டிஷனையோ, பயாஸில் உள்ள செக்யூர் பூட்டையோ தொடும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல புது லேப்டாப்களில் உங்களைக் கேட்காமலேயே பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருக்கும்.

செகண்ட் ஹேண்டில் 2020 மேக்புக் ஏர் வாங்கலாமா?

எந்த 2020 என்று பாருங்கள். அந்த ஆண்டில் இன்டெல் சிப்போடு ஒன்று, எம்1 சிப்போடு ஒன்று வந்தன, வெளித்தோற்றம் ஒன்றுதான். ஆப்பிள் மெனுவில் ‘அபௌட் திஸ் மேக்’ திறந்தால், எம்1-இல் ‘சிப்’ என்றும் இன்டெலில் ‘ப்ராசஸர்’ என்றும் இருக்கும். இன்டெல் ஏருக்கு மேக்ஓஎஸ் 15-தான் கடைசி. மற்ற இன்டெல் மேக்குகளில் சிலவற்றுக்கு மட்டும் அதற்கு அடுத்த பதிப்பான 26 ஏறும். அதோடு இன்டெலுக்கே முற்றுப்புள்ளி. எம்1 என்றால் வாங்குங்கள், விற்பவரின் ஆப்பிள் கணக்கை அந்த மேக்கிலிருந்து உங்கள் கண் முன்னே நீக்கச் சொல்லிவிட்டு.

டேலி லினக்ஸில் ஓடுமா?

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக ஓட்டியவர்கள் உண்டு. கணக்கு வழக்கை அதை நம்பி ஒப்படைக்காதீர்கள். டேலிக்கு விண்டோஸ்தான்.

வருங்காலத்தில் எது ஜெயிக்கும்? ஸ்னாப்டிராகன் விண்டோஸ் லேப்டாப் எடுக்கலாமா?

ஒன்று மற்றதை விழுங்கும் என்று தோன்றவில்லை. மாற்றம் சிப்பில்தான் நடக்கிறது. ஸ்னாப்டிராகன் என்பது போனில் இருப்பது போன்ற ஆர்ம் வகைச் சிப். அதில் பேட்டரி நன்றாக நிற்கும். பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவை எமுலேஷனில் (இன்டெல் சிப்புக்கு எழுதியதை மொழிபெயர்த்து ஓட்டும் வசதி) ஓடிவிடும். ஆனால் டிரைவர்களுக்கு எமுலேஷன் கிடையாது. கடையின் தெர்மல் பில் பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றுக்கு ஆர்ம்64 டிரைவர் உண்டா என்று அந்தந்தத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் இன்டெலோ ஏஎம்டியோ எடுங்கள்.