தோல்விக் கட்டத்தைப் பாருங்கள்: பேஸ்பால் கேள்வி பதில்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, நான் அமெரிக்க பேஸ்பால் அணியான சியாட்டில் மேரினர்ஸின் ரசிகை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பேஸ்பால் பற்றியவை. சரி, ஒரே மூச்சில் பேசிவிடுவோம்.

கேள்வி: ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறார்கள். அதில் ஒன்று போனால் குடியா முழுகிவிடும்? செப்டம்பரில் ஏன் இந்தப் பதற்றம்?

முழுகியிருக்கிறது, அடுத்தடுத்து இரண்டு வருடம். 2023-ல் மேரினர்ஸ் 88 ஆட்டம் ஜெயித்தது. மொத்தம் இரண்டு லீக்; எங்கள் லீகில் பிளேஆஃபின் (சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) கடைசி இடத்தைப் பிடித்த டொரான்டோ ஜெயித்தது 89. 2024-ல் நாங்கள் 85. உள்ளே போன டெட்ராய்ட், கான்சஸ் சிட்டி இரண்டும் 86. இரண்டு தடவையும் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் கதவு சாத்தப்பட்டது. இன்னொரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2023-ல் எங்களைவிட இரண்டே ஆட்டம் கூடுதலாக ஜெயித்து உள்ளே போன டெக்சஸ், அந்த வருடம் இறுதிப் போட்டியான உலகத் தொடரையே தூக்கிக்கொண்டு போனது.

ஏப்ரலில் தோற்றதும் செப்டம்பரில் தோற்றதும் கணக்கில் ஒன்றுதான். ஏப்ரலில் தோற்றால் ஈடுகட்ட நாள் இருக்கிறது, செப்டம்பரில் இல்லை. பதற்றமெல்லாம் அதற்குத்தான்.

கேள்வி: என் மகன் தினமும் காலையில் புள்ளிப் பட்டியலைப் பார்த்துவிட்டு 'ஒன்றரை ஆட்டம் பின்னால்' என்கிறான். அரை ஆட்டம் எப்படி ஆடுவார்கள்? அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது?

அரை ஆட்டம் ஆட மாட்டார்கள் அம்மா. ஓர் அணி இன்னொன்றைவிட ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்தால் கணக்கில் அரை வரும். வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் செப்டம்பரில் அந்த எண்ணை நம்பாதீர்கள். தோல்விக் கட்டத்தைப் பாருங்கள். நம் அணி 80 வெற்றி, 66 தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி 78 வெற்றி, அதே 66 தோல்வி. பட்டியலில் அவர்கள் 'ஓர் ஆட்டம் பின்னால்' என்று போட்டிருக்கும். உண்மையில் பின்னால் இல்லை. அவர்களுக்கு இன்னும் 18 ஆட்டம் பாக்கி, நமக்கு 16. இரண்டு பேரும் மீதி எல்லாவற்றையும் ஜெயித்தால் 96-க்கு 66 என்று சமமாக வந்து நிற்பார்கள். ஆடாத ஆட்டத்தை ஜெயித்துக்கொள்ளலாம். தோற்றதை எந்த மகாராஜனும் அழிக்க முடியாது. இங்கே பழைய ரசிகர்கள் தினசரியைத் திறந்ததும் முதலில் விரல் வைப்பது அந்தக் கட்டத்தில்தான்.

மகன் அடுத்தபடியாக 'மேஜிக் நம்பர்' என்று ஆரம்பிப்பான். அதுவும் சுலபம். 163-லிருந்து நம் வெற்றிகளையும் எதிரணியின் தோல்விகளையும் கழித்துவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் 163-ல் 80 போக, 66 போக, மிச்சம் 17. நாம் ஜெயித்தால் ஒன்று குறையும், அவர்கள் தோற்றால் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் அவர்களால் நம்மைப் பிடிக்க முடியாது. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதி நாம் ஜெயித்தால் ஒரே ராத்திரியில் இரண்டு குறையும். செப்டம்பர் கடைசியில் அப்படி ஒரு மோதல் வந்தால் அது ஓர் ஆட்டம் இல்லை, இரண்டு.

கேள்வி: சமமாக முடிந்தால் என்ன செய்வார்கள்? கிரிக்கெட் மாதிரி ரன் ரேட் பார்ப்பார்களா?

மாட்டார்கள். எவ்வளவு ரன்னில் ஜெயித்தாய் என்பதை யாரும் கேட்பதில்லை. சீசனில் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கே இடம். 2025-ல் டொரான்டோவும் நியூயார்க் யாங்கீஸும் ஆளுக்கு 94 வெற்றி. நேரடி மோதல்களில் டொரான்டோ கை ஓங்கியிருந்ததால் டிவிஷன் (லீகுக்குள் ஒரு பிரிவு) பட்டமும் முதல் சுற்று ஓய்வும் அவர்களுக்கு. அதே வருடம் சின்சினாட்டியும் நியூயார்க் மெட்ஸும் ஆளுக்கு 83. சின்சினாட்டி உள்ளே, மெட்ஸ் வீட்டுக்கு.

2021 வரை இப்படி இல்லை. உள்ளே போவதா வெளியேறுவதா என்ற கேள்வியில் இரண்டு அணிகள் சமமாக நின்றால் 163-வதாக ஓர் ஆட்டம் வைப்பார்கள். 2022-ல் லீகுக்கு 6 அணி என்று பிளேஆஃபைப் பெரிதாக்கினார்கள். மூன்று டிவிஷன்களின் முதலிடக்காரர்கள், மீதியில் அதிகம் ஜெயித்த மூன்று வைல்ட் கார்டு அணிகள். அப்போது நாள் போதாது என்று அந்தக் கூடுதல் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அநியாயம். ஆறு மாதம் ஆடிவிட்டு, மே மாதத்து ஒரு மோதலை வைத்துத் தீர்ப்பு எழுதுவதைவிட, இன்னொரு நாள் மைதானத்தில் இறக்கிவிடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: உங்கள் அணி உலகத் தொடரை எத்தனை முறை வென்றிருக்கிறது?

வெல்வது இருக்கட்டும், ஆடியதே இல்லை. 30 அணிகளில் அந்தப் பெருமை எங்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: சியாட்டில் ரசிகர்கள் எதற்கெடுத்தாலும் 1995 என்கிறார்களே. அப்படி என்ன நடந்தது?

நான் அப்போது இந்த ஊரில் இல்லை. 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்து, 1906-ன் சிகாகோ கப்ஸ் சாதனையைச் சமன் செய்தார்கள். அதற்கு அடுத்த வருடம் வந்து சேர்ந்தவள் நான். வந்த ராசி, 2002 முதல் 2021 வரை பிளேஆஃபே கிடையாது. ஆகவே 1995 எனக்கு ஒலிப்பதிவும், நான் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வகத்து மூத்த சகாக்கள் சொல்லக் கேட்டதும்தான்.

அந்த வருடம் வேலைநிறுத்தத்தால் சீசன் தாமதமாகத் தொடங்கி 144 ஆட்டமாகச் சுருங்கியது. மே மாதம் சுவரில் மோதி ஒரு கேட்ச் பிடித்த எங்கள் நட்சத்திரம் கென் கிரிஃபி ஜூனியருக்கு மணிக்கட்டு உடைந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மேரினர்ஸ், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு 13 ஆட்டம் பின்னால். அங்கிருந்து ஏறி வந்து, கடைசி நாளில் இரண்டு அணியும் சமமாக நின்றன. அக்டோபர் 2-ம் தேதி, நான் மேலே புலம்பிய அந்தக் கூடுதல் ஆட்டம். எங்கள் பிட்ச்சர் (பந்து எறிபவர்) ராண்டி ஜான்சன், அவர்களுடையவர் மார்க் லாங்ஸ்டன். 1989-ல் இதே லாங்ஸ்டனைக் கொடுத்துத்தான் சியாட்டில் ஜான்சனை வாங்கியிருந்தது!

ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை எங்களுக்கு 1-0. மூன்று பேஸிலும் ஆள். எங்கள் லூயிஸ் சோஹோ அடித்த பந்து வலப்பக்கக் கோட்டை ஒட்டி உருண்டு, பிட்ச்சர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. மூன்று பேர் ஓடி வந்தார்கள். திருப்பி எறிந்த பந்தும் தப்பிப் போக, அடித்த சோஹோவே நான்காவது ஆளாக வந்து சேர்ந்தார். ஹோம் பிளேட்டில் அவரைத் தடுக்கப் பாய்ந்த லாங்ஸ்டன் அப்படியே மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஆட்டம் 9-1.

அதற்கடுத்த சுற்றில் யாங்கீஸோடு முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம், சமமாக நின்று நீண்ட 11-வது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால். எங்கள் எட்கர் மார்ட்டினெஸ் இடப்பக்கக் கோட்டோரம் ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட வைக்கும் அடி) அடித்தார். மூன்றாவது பேஸிலிருந்து ஜோயி கோரா வந்தார், சமம். முதல் பேஸிலிருந்து புறப்பட்ட கிரிஃபி நிற்கவே இல்லை, முழு வட்டமும் ஓடிவந்து சறுக்கி விழுந்தார். 6-5. அந்த செப்டம்பரில்தான் புது மைதானத்துக்கான வரியை மாவட்ட வாக்காளர்கள் மயிரிழையில் நிராகரித்திருந்தார்கள். அணி ஊரைவிட்டே போய்விடும் என்ற பேச்சு பலமாக இருந்தது. இந்த ஓட்டத்துக்கு அப்புறம் மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டுப் பணத்துக்கு வழி செய்தது. 1999-ல் மைதானம் திறந்தது. இன்று நாங்கள் போய் உட்காரும் இடம் அதுதான். இப்போது சொல்லுங்கள், 1995-ஐச் சொல்லாமல் எதைச் சொல்வது?

கேள்வி: மாலை ஷிஃப்ட் வேலை என்கிறீர்கள். ஆட்டம் எப்போது பார்ப்பீர்கள்?

பார்ப்பது குறைவு, கேட்பதுதான் அதிகம். மேற்குக் கரையில் இருப்பதில் ஒரு தனி அவஸ்தை உண்டு. கிழக்கே மாலை 7 மணி என்றால் எங்களுக்கு 4. எங்கள் ஆட்டத்தின் முதல் பந்து விழும்போதே டொரான்டோ, டெட்ராய்ட் முடிவெல்லாம் வந்திருக்கும். அவர்கள் தோற்ற சேதி தெரிந்துவிட்டால் எங்கள் ஆட்டத்தில் இன்னும் பயம். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே!

2022 செப்டம்பர் 30 ராத்திரி இடைவேளையில் காருக்குள் இருந்தேன். ஓக்லாந்தோடு ஆட்டம், 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். மாற்று பேட்டராக வந்த கேல் ராலிக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்; இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். அடுத்த பந்து வலப்பக்கக் கம்பத்தை ஒட்டி மேலே போனது. உள்ளேயா வெளியேயா என்று வானொலிக்காரர் சொல்வதற்குள் கூட்டத்தின் சத்தம் சொல்லிவிட்டது. 21 வருடத்துக்கு அப்புறம் பிளேஆஃப். பக்கத்துக் காரில் இருந்த செக்யூரிட்டிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மருத்துவமனை வளாகம் என்று ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

2025 செப்டம்பர் வேறு மாதிரி. 18 ஆட்டத்தில் 17 ஜெயித்தார்கள். அதற்கு நடுவே, எங்கள் டிவிஷன் முதலிடத்தில் எங்களோடு சமமாக நின்ற ஹூஸ்டனுக்கே போய் மூன்று ஆட்டத்தையும் வாரிக்கொண்டு வந்தார்கள். நேரடி மோதல் கணக்கும் அதோடு எங்கள் பக்கம் சாய்ந்தது. செப்டம்பர் 24-ம் தேதி ராலி 59-வது, 60-வது ஹோம் ரன்களை (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அடித்த அதே ராத்திரி டிவிஷன் பட்டமும் வந்தது. மேலாளர் யார் தெரியுமா? 1995-ல் ராண்டி ஜான்சனுக்கு கேட்சராக (எறியும் பந்தைப் பிடிப்பவராக) உட்கார்ந்த டான் வில்சன்.

கேள்வி: பத்து ஆட்டம் முன்னால் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா?

2024 ஜூனில் நாங்கள் பத்து முன்னால் இருந்தோம். ஜூலையில் அது காணாமல் போனது. 2025 ஜூலையில் டெட்ராய்ட், கிளீவ்லாந்தைவிட பதினைந்தரை முன்னால் இருந்தது. டிவிஷனை ஜெயித்தது கிளீவ்லாந்து. 1964-ல் ஃபிலடெல்ஃபியா 12 ஆட்டம் பாக்கி இருக்கும்போது ஆறரை முன்னால் இருந்து, தொடர்ந்து பத்து தோற்றது. மேஜிக் நம்பர் பூஜ்யமான பிறகு தூங்குங்கள்.

கேள்வி: செப்டம்பரில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரரை வாங்கி அணியைத் தேற்ற முடியாதா?

ஆகஸ்ட் 31-க்குள் வந்து சேராதவர் பிளேஆஃபில் ஆட முடியாது. அதனால்தான் ஜூலை கடைசியில் அத்தனை பேரம் நடக்கிறது. மேரினர்ஸ் 2025-ல் அப்படித்தான் யூஹேனியோ சுவாரெஸை வாங்கியது. பிளேஆஃபில் டொரான்டோவோடு ஐந்தாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அவர் அடித்த ஹோம் ரன்னுக்கு எத்தனை பேரம் பேசினாலும் தகும்.

கேள்வி: என் கணவர் பாஸ்டன் ரசிகர். செப்டம்பர் வந்தால் வீட்டில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான். என்ன செய்வது?

2023-ல் பந்து எறிய நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் கொண்டுவந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் சுமார் 2 மணி 40 நிமிடமாகிவிட்டது. உங்களுக்கு அவர் தினமும் இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறார். எட்டாவது இன்னிங்ஸில் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 2025-ல் உலகத் தொடருக்கு அவ்வளவு பக்கத்தில் போய் வந்தீர்களே, ஆறிவிட்டதா?

டெட்ராய்டை 15 இன்னிங்ஸ் ஆடி வெளியேற்றிவிட்டுப் போன அணி. உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் டொரான்டோவோடு கடைசியான ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 என்று முன்னால். அவர்களுடைய ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 4-3. இன்னும் எட்டு அவுட் எடுத்திருந்தால் போதும். ஸ்பிரிங்கர் அதற்கு முன் எந்த அணிக்கு ஆடினார் என்று தேடிப் பாருங்கள். ஹூஸ்டன்! ஆறவில்லை.

கேள்வி: பாஸ்டனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். எந்த அணியைப் பிடித்துக்கொள்ளலாம்?

உள்ளூர் அணியே உத்தமம். அங்கே இருந்துகொண்டு சியாட்டிலைப் பிடித்தால் ஆட்டம் இரவு 9:40-க்குத்தான் தொடங்கும், முடிய நள்ளிரவு தாண்டும், மறுநாள் அலுவலகத்தில் கண் எரியும். அதையும் மீறி வந்தால் வரவேற்கிறேன். ஹூஸ்டனை மட்டும் பிடிக்காதீர்கள். இந்தப் பகுதியில் உங்கள் கேள்விக்கு இனி பதில் வராது.