புது டயர் முன்னாலா, பின்னாலா?: டயர் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 24 ஆண்டுகளாக டயர் விற்பதும் பஞ்சர் ஒட்டுவதும் என் தொழில். வந்த கேள்விகளில் கார், பைக், ஸ்கூட்டர் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். லாரி டயர் என் துறை அல்ல.

வில்லியனூர், ஸ்கூட்டர்: எந்தக் கம்பெனி டயர் நல்லது? ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப் ஆலை இருப்பதால், இங்கே வாங்கினால் புதிதாகக் கிடைக்கும் என்கிறார்களே?

ஆலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, கடைக்காரரின் பரணில் கிடக்கும் டயர் நேற்றுப் பிறந்ததாக ஆகிவிடாது. டயரின் பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் 4 இலக்கங்கள் இருக்கும். 2325 என்று இருந்தால் அது 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில், அதாவது ஜூன் மாதத்தில், வார்க்கப்பட்ட டயர். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பதால், புரட்டிப் பார்க்காமல் "தேதியே இல்லை" என்று சொல்ல வேண்டாம். ரப்பர் ஓடாமலே இறுகும். பெயர் பெற்ற கம்பெனியின் மூன்று வருடப் பழைய டயரைவிட, சுமாரான கம்பெனியின் மூன்று மாத டயரையே நான் என் வண்டிக்குப் போடுவேன்.

தேவனாம்பட்டினம், கார்: இடது பின் சக்கரத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது. மூன்று கடைகளில் பார்த்தும் ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள்.

ஆணி இருக்காது, கடல் இருக்கிறது. டயரும் அலாய் ரிம்மும் ஒன்றோடொன்று அழுந்தி உட்காரும் விளிம்பில்தான் காற்று அடைபட்டு நிற்கிறது. உப்புக்காற்று அந்த விளிம்பின் பெயிண்டுக்குள் புகுந்து அலுமினியத்தை அரிக்கும்போது, டயரைக் கழற்றினால் ரிம்மின் ஓரமெங்கும் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி உதிரும். உங்கள் கடைக்காரர்கள் டயரின் பட்டனில், அதாவது பள்ளங்களோடு தரையில் படும் பகுதியில், மட்டும் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருப்பார்கள். சக்கரத்தைப் படுக்க வைத்து, ரிம்மும் டயரும் சேரும் பள்ளத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுமையாக உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழும். பிறகு டயரைக் கழற்றி, விளிம்பை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளவென்று தேய்த்து, பீட் சீலர் என்கிற, விளிம்பை அடைக்கும் பசையைப் பூசி மாட்டினால் போதும். கழற்றும்போதே வால்வையும் மாற்றிவிடுங்கள். உள்ளே ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றித் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை டயரைக் கழற்றுபவன் அந்தச் சேற்றைக் கழுவியே சலித்துவிடுவான்.

கடலூர் முதுநகர், புல்லட்: கம்பி வைத்த சக்கரத்தில் டியூப்லெஸ் டயர் போடலாமா?

டயரைப் போடலாம், ஆனால் உள்ளே டியூப் வேண்டும். கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு வருவதால், அந்தத் துளைகள் வழியே காற்று போய்விடும்.

கடலூர், கார்: புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே போய் டயர் வாங்கலாமா?

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். பெட்ரோல் கணக்கை டயரோடு சேர்க்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர், வாடகைக் கார்: முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. இரண்டு மட்டும் புதிதாக வாங்கி முன்னால் போட நினைக்கிறேன். சரிதானே அண்ணே?

இரண்டு வாங்குவது சரி. முன்னால் போடுவது தவறு. பின்னால் இருக்கும் பாதித் தேய்ந்த டயர்களை முன்னால் கொண்டுவந்து, புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள்.

அதே அன்பர்: 18 வருடமாக ஓட்டுகிறேன். இழுப்பதும் திரும்புவதும் முன் சக்கரம், பிரேக்கின் பாரமும் முன்னால்தான் விழுகிறது. நல்ல டயர் அங்கேதானே இருக்க வேண்டும்?

நீங்கள் சொல்லும் காரணங்களால்தான் முன் டயர் சீக்கிரம் தேய்கிறது. அதில் நமக்குள் பேதம் இல்லை. ஆனால் எது தேய்கிறது என்பது வேறு, எது வழுக்கினால் உயிர் போகும் என்பது வேறு. மழையில் கடலூர்–புதுச்சேரி சாலையில், கன்னியக்கோயிலுக்கும் தவளக்குப்பத்துக்கும் இடையே ஒரு வளைவில் முன் சக்கரம் பிடி விட்டால், ஸ்டீயரிங் சட்டென்று லேசாவது உங்கள் கைக்குத் தெரியும். காலைத் தளர்த்தினால் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடும். பின் சக்கரம் பிடி விட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது. வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சுழன்று எதிர்த் தடத்துக்குள் போன பிறகுதான் தெரியும். அதைத் திருத்தி ஓட்டப் பயிற்சி பெற்றவர்கள் பந்தய ஓட்டுநர்கள். 18 வருட அனுபவம் என்பது, 18 வருடமாக அப்படி ஒன்று உங்களுக்கு நேரவில்லை என்பது மட்டும்தான்.

அரியாங்குப்பம், கார்: ஓட்டுநர் அண்ணன் சொல்வதே எனக்கும் சரியாகப் படுகிறது. நம் ஊர்ச் சாலையில் யார் நூறில் போகிறார்கள்?

நூறு வேண்டியதில்லை. 1960களில் நாசாவில் வால்ட்டர் ஹோர்ன் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு கணக்கைத் தந்தார்: தேங்கிய நீரில் மொட்டை டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ இருந்தால் ஏறக்குறைய 91 கிலோமீட்டர் வேகத்தில் அது மிதக்கும். காற்று இறங்கி 22 ஆகிவிட்டால் 78 போதும். அந்தச் சாலையில் 78இல் போகாதவர் யார்? நீரை வெளியே தள்ளுவது பட்டனின் பள்ளம்தான். பள்ளம் ஆழமாக உள்ள டயர் பின்னால் இருக்கட்டும் என்பதற்கு அதுவே காரணம். கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் ஓட்டக் கூடாது. அந்த நிலையில் இருப்பதை முன்னால் மாற்றவும் வேண்டாம், பின்னால் வைக்கவும் வேண்டாம்; தூக்கிப் போடுங்கள்.

பாகூர், பைக்: பக்கச் சுவரில் முள் குத்திவிட்டது. திரி (ஓட்டையில் செருகும் ரப்பர் துண்டு) வைத்தால் நிற்குமா?

நிற்காது. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிற இடம். திரி வைப்பது பட்டன் பகுதியில் உள்ள சிறு துளைக்கு மட்டுமே. அதற்கும் உள்ளிருந்து ஒட்டும், காளான் வடிவிலான காளான் பேட்ச் மேலானது. தானே புயலுக்குப் பிறகு கூரைத் தகட்டு ஆணிகள் தெருவெல்லாம் சிதறிக் கிடந்த மாதங்களில், ஒரே டயரில் ஏழு திரியோடு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அவருக்கு எட்டாவதை நான் வைக்கவில்லை.

நெல்லிக்குப்பம், கார்: நைட்ரஜன் காற்று அவசியமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலியார்பேட்டை, பைக்: எந்தக் கம்பெனி டயர் நல்லது?

முதல் பதிலைப் படிக்கவும். 4 இலக்கம்.

பண்ருட்டி, பலாப்பழ லோடு ஏற்றும் லாரி: ரீசோல் போட்ட (தேய்ந்த பட்டன் மேல் புது ரப்பர் ஒட்டிய) டயர் தாங்குமா?

லாரி டயர்க்காரரைக் கேளுங்கள். கார் டயருக்கு என்றால் வேண்டாம் என்பேன்.

குறிஞ்சிப்பாடி, கார்: நைட்ரஜன் நல்லதா, சாதாக் காற்று நல்லதா?

இரண்டு கேள்விக்கு மேலே பார்க்கவும்.

திருப்பாதிரிப்புலியூர் அன்பர், மறுபடியும்: சரி அண்ணே, பின்னாலேயே போட்டுவிட்டேன். ஸ்டெப்னி ஒருமுறைகூட இறங்காத புது டயர். அதை முன்னால் போடலாமா?

அந்த டயர் காரோடு வந்ததா? 18 வருட ஓட்டுநரின் டிக்கியில் அது எத்தனை வருடமாகக் கிடக்கிறது? முதலில் அந்த 4 இலக்கத்தைப் படித்துச் சொல்லுங்கள், தம்பி.