முன் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் பழைய கார் ஒன்று வாங்குகிறான். அவனுக்கு இது முதல் குளிர்காலம். விற்பவர் 'ஆல் சீசன் டயர் போதும்' என்கிறாராம், நண்பர்கள் வின்டர் டயர் போடச் சொல்கிறார்களாம். நான் உப்புவெளியில் வான் ஓடுகிறவன். இங்கே டயர் மொட்டையானால்தான் மாற்றுவோம். செலவைக் குறைக்க முன் இரண்டுக்கு மட்டும் வின்டர் டயர் போடலாமா? - ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: வேண்டாம் ஐயா. போட்டால் நான்கும் போடச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் பிடித்தால், வளைவில் பிரேக் போடும்போது பின்பக்கம் வழுக்கிக் கார் சுழன்றுவிடும்.

உங்கள் அனுபவம் நம் ஊர் மழைக்குச் சரி. மார்கழியிலும் திருகோணமலையில் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ரொறன்ரோவில் குளிர் 7 பாகை செல்சியஸை நெருங்கும்போதே, ஆல் சீசன் உட்பட சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். அப்புறம் டயர் புதிதாக இருந்தாலும் பிடிப்பு குறையும். வின்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதனால் ஸ்னோ இல்லாத தெருவிலும் அது உதவும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றாலும் இதே கதைதான்: கிளம்புவது சுலபம், நிற்க டயர்தான் வேண்டும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த அடையாளத்தைத் தேடட்டும். 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது, அது ஆல் சீசன் டயர்களிலும் இருக்கும். பாவித்த டயர் என்றால், எப்போது செய்தது என்று அறிய, பக்கவாட்டில் 'டி.ஓ.டி' (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. கார் விற்பவரிடமே பழைய வின்டர் செட் இருக்கிறதா என்றும் கேட்கட்டும். கார் போனபின் அவருக்கு அது எதற்கு? தனி ரிம்மோடு கிடைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு பருவத்திலும் டயரைக் கழற்றி ஏற்றும் கூலி மிஞ்சும்.

பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் வின்டர் டயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மகனே கேட்டு வாங்க வேண்டும். முதல் ஸ்னோ விழுந்ததும் டயர்க் கடைகளில் கூட்டம் அள்ளும், அக்டோபரிலேயே நேரம் பதிவு செய்வது நல்லது.