காற்றை அளக்கும் கம்பத்துக்கும் டவுன் அனுமதி வேண்டுமா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ஒரு சின்ன டவுனில் பண்ணை நிலம் வாங்கியிருக்கிறேன். காற்றாலை நிறுவனம் ஒன்று, காற்றின் வேகத்தை இரண்டு வருடம் அளந்து பார்க்க அதில் 60 மீட்டர் கம்பம் நடக் கேட்கிறது. டவுனின் கட்டட ஆய்வாளரோ, "35 அடிக்கு மேல் எதுவும் கூடாது. இப்படி ஒரு கம்பம் எங்கள் சோனிங் சட்டத்திலேயே (எந்த நிலத்தில் எதைச் செய்யலாம், கட்டலாம் என்ற சட்டம்) இல்லை" என்று போனில் சொல்லிவிட்டார். மின்சாரமே எடுக்காத, பிறகு கழற்றிவிடப் போகிற கம்பத்துக்கு எதற்கு அனுமதி? உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தைச் சுற்றிலும் காற்றாலைகள்தான். நிறுவனம் என் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்கிறது. செய்யலாமா?

பதில்: சட்டத்தில் இல்லாததால் தடையும் இல்லை என்று நினைக்கிறீர்கள். இங்குள்ள டவுன்களில் பெரும்பாலும் நேர்மாறு. அனுமதித்த பயன்பாடுகளுக்கு ஒரு பட்டியல் இருக்கும். அதில் இல்லாதது கூடாது. தற்காலிகம் என்ற வாதமும் நிற்காது. தரையில் ஊன்றிய எதுவும் 'கட்டமைப்பு' என்றுதான் பெரும்பாலான டவுன்கள் எழுதி வைத்திருக்கின்றன.

ஆனால் ஆய்வாளர் போனில் சொன்னதை வைத்துக்கொண்டு நீங்கள் எங்கும் போக முடியாது. முறையாக விண்ணப்பித்து, மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அது பதிவான நாளிலிருந்து 60 நாளுக்குள் சோனிங் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். பிளானிங் போர்டு வேறு, இது வேறு. நிலத்தில் எதை எங்கே வைப்பது என்ற வரைபடத்தை பிளானிங் போர்டு பார்க்கும். உயர வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. இது தெரியாமல் பிளானிங் போர்டு கூட்டங்களுக்கு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு.

மேல்முறையீட்டு வாரியத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. விலக்கு இரண்டு வகை. இந்தப் பயன்பாட்டையே அனுமதியுங்கள் என்று கேட்பது பயன்பாட்டு விலக்கு. அனுமதித்த எந்தப் பயன்பாட்டிலும் இந்த நிலத்திலிருந்து நியாயமான வருமானம் வராது என்று கணக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும். விவசாயம் நடக்கிற பண்ணைக்கு அது அநேகமாக நடக்காத காரியம். உயரம், எல்லை இடைவெளி போன்ற அளவுகளை மட்டும் தளர்த்தக் கேட்பது அளவு விலக்கு. அதில் உங்களுக்கு வரும் நன்மையையும் ஊருக்கு வரும் பாதிப்பையும் எடைபோட்டு வாரியம் முடிவு செய்யும். ஆகவே முதலில், அளக்கும் கம்பம் அனுமதித்த பயன்பாடுகளில் ஒன்றுக்குள் அடங்கும் என்று வாரியத்திடம் சட்ட விளக்கம் கேளுங்கள். உயரத்துக்கு அளவு விலக்கையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். பயன்பாட்டு விலக்கு வேறு வழியே இல்லாதபோதுதான்.

35 அடி வரம்புள்ள இடத்தில் 197 அடி கேட்பது சின்ன விஷயமில்லை. வாரியம் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்வி: வேறு வழியில் அளக்க முடியாதா? முடியும். ஒலி அலையாலோ லேசராலோ தரையிலிருந்தே அளக்கும் கருவிகள் டிரெய்லரில் வருகின்றன. அது ஏன் போதாது என்று நிறுவனத்தின் பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் வலுவாக இல்லையென்றால் டிரெய்லருக்கே மாறுங்கள் என்பேன். உயரச் சிக்கலே ஒழியும், பயன்பாட்டுக் கேள்வி மட்டும் மிஞ்சும்.

அது என்ன 60 மீட்டர்? 200 அடியைத் தாண்டினால் கூட்டாட்சி விமானத் துறைக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்; அதற்கு மூன்றடி குறைவாக நிறுத்திக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்தார் இதைச் சும்மா விடமாட்டார்கள். 2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் வயல்களுக்கு மேல் தாழப் பறக்கும் ஒரு விவசாய விமானம் இப்படிப்பட்ட கம்பத்தில் மோதி விமானி இறந்தார். மெல்லிய சாம்பல் நிறக் கம்பமும், அதை இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிகளும் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு, வெள்ளைப் பட்டைகளும் கம்பிகளில் உருண்டைகளும் போடுகிறோம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். கழற்றும் செலவுக்குப் பிணைத்தொகை கட்டுவதாகவும் சொல்லுங்கள். அப்புறம், இழுகம்பிகள் சுற்றிலும் வெகுதூரம் விரியும். எல்லை இடைவெளியைக் கம்பத்திலிருந்து அளப்பதா, கம்பி ஊன்றிய இடத்திலிருந்தா என்று டவுன் சட்டத்தில் பாருங்கள்.

விசாரணையில் எல்லோரும் வரப்போகிற காற்றாலையைப் பற்றித்தான் பேசுவார்கள். பசுமை மின்சாரத்தின் பெருமை பேசி நீங்களும் அந்தச் சண்டைக்குள் போய்விடாதீர்கள். கேட்பது தரவு சேகரிக்க ஒரு கம்பம், இரண்டு வருடம், அவ்வளவுதான். ஊரில் எதிர்ப்பு இருக்கிறது என்பதை மட்டும் காரணமாக எழுதி மறுத்தால் நீதிமன்றத்தில் அது நிற்பது கடினம்.

அதைவிடப் பெரிய ஆபத்து தற்காலிகத் தடைச் சட்டம். டவுன் போர்டு (டவுனின் சட்டங்களை இயற்றும் மன்றம்) பொது விசாரணை நடத்தி, காற்றாலை சம்பந்தப்பட்ட எல்லா அனுமதிகளையும் சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கலாம். "நான் முன்பே விண்ணப்பித்தேன்" என்பது அங்கே பொதுவாகச் செல்லாது. அனுமதி கையில் வந்து, கட்டுமானமும் செலவும் கணிசமாக நடந்திருந்தால்தான் உரிமை உறுதியாகும். டவுன் போர்டின் நிகழ்ச்சி நிரலை மாதாமாதம் படியுங்கள்.

உங்கள் பெயரில் விண்ணப்பிப்பதா? வேண்டாம். நிறுவனம் விண்ணப்பிக்கட்டும், நீங்கள் நில உரிமையாளராகச் சம்மதக் கடிதம் மட்டும் கொடுங்கள். டவுன் நியமிக்கும் பொறியாளர், வக்கீல் செலவை விண்ணப்பதாரர் தலையில் கட்டுவது வழக்கம். ஒப்பந்தத்தையும் நிதானமாகப் படியுங்கள். இரண்டு வருடக் கம்பத்துக்கான தாளில், பல பத்தாண்டுக் காற்றாலைக் குத்தகைக்கான விருப்ப உரிமையும் (வேண்டும்போது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை) சேர்ந்தே இருக்கலாம். அதற்குத் தனி விலை, தனிப் பேச்சு.

வாரியம் மறுத்தால், அந்த முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் 'ஆர்ட்டிகிள் 78' வழக்குத் தொடுக்க 30 நாள்தான். உங்களுக்குக் கடிதம் வந்த நாளிலிருந்து இல்லை, முடிவு டவுன் கிளார்க் அலுவலகத்தில் பதிவான நாளிலிருந்து. கிளார்க்கிடம் நேரில் போய்ப் பதிவுத் தேதி முத்திரையுடன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.